ஆய்வேட்டுப் படத்துக்கு இல்லஸ்ட்ரேட்டர் கட்டாயமா?

சனிக்கிழமை பயிலரங்கில் என்ன பேசப்பட்டது என்று இங்கே பலருக்குத் தெரியும். அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டர் தெரியாமல் ஆய்வேட்டுக்குப் படம் வரைய முடியாதாம். கடைசி ஆண்டுப் பிள்ளைகளிடம் சொன்னது இது. சந்தா கட்டி வைத்துக்கொள்ளவேண்டிய மென்பொருள், அதன் பேனாக் கருவி கைக்குப் பழகவே வாரக்கணக்கில் ஆகும். ஏட்டை ஒப்படைக்கும் தேதி நெருங்கியிருக்கும் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்வது அநியாயம்.

வரையப்போவது என்ன வகைப் படம் என்று முதலில் பாருங்கள். மென்பொருளை அதற்குப் பிறகு தேடலாம்.

பெட்டியும் அம்புமாகத்தான் படம் என்றால் டிரா.ஐஓ போதும். இலவசம், கணக்குத் திறக்கவேண்டாம், இணையமில்லாமல் ஓடும் பதிப்பும் உண்டு. கரும்பாலையில் சாறு பிழிவது, தெளியவைப்பது, வற்றவைப்பது, படிகமாக்குவது என்று ஓட்டப்படம் போடவேண்டுமா? ஒரே மதியத்தில் முடியும். அம்பை இழுத்துப்போய்ப் பெட்டியின் விளிம்பு ஒளிரும்போது விடவேண்டும். அப்படி ஒட்டிய அம்பு பெட்டி நகர்ந்தால் கூடவே நகரும், ஒட்டாதது அந்தரத்தில் நிற்கும். இன்னொரு சிக்கல்: எஸ்விஜியாக (பெரிதாக்கினாலும் கோடு கெடாத படக்கோப்பாக) ஏற்றுமதி செய்து வேறு மென்பொருளில் திறந்தால் எழுத்து காணாமல் போகலாம். எழுத்து அமைப்பில் வரி மடிப்பையும் 'ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்' என்பதையும் அணைத்துவிட்டு ஏற்றுமதி செய்தால் எழுத்து நிற்கும்.

உருவம் வரையவேண்டுமென்றால் இன்க்ஸ்கேப். 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. தைப்பூசக் காவடியின் பாகங்களைப் பெயரிட்டுக் காட்டவேண்டும் என்று வையுங்கள். நேர் எதிரே நின்று எடுத்த புகைப்படத்தை உள்ளே கொண்டுவந்து, மங்கலாக்கி, அந்த லேயரை (அடுக்கை) பூட்டுங்கள். மேலே புதிய லேயரில் 'பி' (B) விசையை அழுத்தி ஒரு பாதியை மட்டும் கோடிழுங்கள். கண்ட்ரோல்-டி நகலெடுக்கும், 'ஹெச்' அதை இடவலமாகத் திருப்பும். அதை மறுபக்கம் நகர்த்தி ஒட்டினால் மறுபாதி தயார்.

அளவைத் தொடக்கத்திலேயே வையுங்கள். ஏ4 தாளில் இருபுறமும் 25 மில்லிமீட்டர் விட்டால் மிச்சம் 160. பக்க அகலத்தை 160 என்று வைத்து 9 புள்ளி எழுத்தில் பெயரிடுங்கள். இரண்டு மடங்கு பெரிதாக வரைந்துவிட்டுப் பிறகு சுருக்கினால் 10 புள்ளி எழுத்து 5 ஆகிவிடும், தேர்வாளரால் படிக்க முடியாது.

"பவர்பாயின்ட் போதுமே" என்பீர்கள். பெட்டிப்படத்துக்குப் போதும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்லைடை அப்படியே படமாகச் சேமித்தால் விண்டோஸில் வழக்கமாக 1280 பிக்சல் அகலம்தான் வரும். 160 மில்லிமீட்டரில் அது அங்குலத்துக்கு 200 பிக்சல் அளவில்தான் நிற்கும். அச்சுக்கு 300ஆவது வேண்டும், கோட்டுப்படத்துக்கு அதைவிடக் கூடுதல். பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள், கோடு கூர்மையாக இருக்கும். "டிக்ஸ் (TikZ) போதுமே" என்பவர்களுக்கு: கட்டளை எழுதிப் படம் வரையும் கருவி அது, லேடெக் (LaTeX) என்ற கட்டளைவழி ஆவண அமைப்பில் எழுதுகிறவர்களுக்கு நல்லது, மற்றவர்களை அதில் இழுக்கவேண்டாம். "பத்திரிகைகள் இல்லஸ்ட்ரேட்டர் கேட்கின்றன" என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொதுவாக அவர்கள் கேட்பது கோப்பு வகை, அகலம், தெளிவு. இன்க்ஸ்கேப் பிடிஎஃப், இபிஎஸ் இரண்டும் கொடுக்கும்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். "தமிழ் எழுத்து உடையும், படத்துக்குள் ஆங்கிலத்தில் எழுதுங்கள்" என்றும் சொல்லப்பட்டதே, அதுதான் வலிக்கிறது. மொரீசியஸில், வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் கற்று, மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் வரை போய்த் தமிழ் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏடு முழுவதும் தமிழில் எழுதுகிறவர் படத்துக்குள் மட்டும் ஏன் மொழி மாறவேண்டும்?

உடைவதற்குக் காரணம் உண்டு, தீர்வும் உண்டு. 'கொ' என்பது கொம்பும் காலுமாகச் சிதறுவது அந்த இல்லஸ்ட்ரேட்டரிலேயே நடப்பதுதான். அமைப்புகளில் இந்திய மொழி விருப்பத்தைத் திறந்து, பத்திப் பலகத்தில் தெற்காசியக் கம்போசரை (எழுத்துகளைக் கோக்கும் முறையை) தேர்ந்தால் சேரும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் தமிழை விடச் சொன்னார்கள். இன்க்ஸ்கேப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவை வைத்து எழுதினாலே சரியாக வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் வேண்டாம், அவை இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

முடித்ததும் இரண்டு கோப்பு வையுங்கள். ஒன்று, எழுத்து எழுத்தாகவே இருக்கும் மூலக்கோப்பு. மற்றதில் எழுத்தைத் தேர்ந்து ஷிஃப்ட்-கண்ட்ரோல்-சி அழுத்தி உருவமாக்கி, அதை வேர்டில் செருகுங்கள். எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாது. ஆனால் உருவமாக்கிய பிறகு பிழை திருத்த முடியாது. மேற்பார்வையாளர் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மூலக்கோப்புதான் கைகொடுக்கும்.

யாருக்காவது தமிழ் எழுத்து இன்னும் உடைந்தால் கீழே சொல்லுங்கள். திரையைப் படம்பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) அனுப்பவேண்டாம். மூலக்கோப்பும் எழுத்துருவின் பெயரும் இருந்தால் எங்கே உடைகிறது என்று பார்த்துவிடலாம்.