டிஸ்னி டைம்ஷேர் வாங்குமுன் பார்க்க வேண்டியது நாட்காட்டியை

அமெரிக்காவில் குடும்பத்தோடு வசிக்கும் நண்பர்கள் பலர், ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டுக்கு ஒருமுறை போய்வந்த கையோடு, "அங்கே டைம்ஷேர் (விடுமுறை விடுதியில் ஆண்டுதோறும் சில நாட்கள் தங்கும் உரிமை) வாங்கிப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். நாங்கள் டிஸ்னியின் டைம்ஷேர் அமைப்பான டிஸ்னி வெகேஷன் கிளப்பில் உறுப்பினர்கள் என்பதால் கேள்வி எங்களிடம் வருகிறது. விலை என்ன, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, பின்னாளில் விற்றால் என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் பேசுவதற்கு முன்னால், அடுத்த ஆண்டு இதே மாதத்தில் உங்கள் குடும்பம் எங்கே இருக்கும் என்று இன்றைக்கே சொல்ல முடியுமா என்று நான் அவர்களைக் கேட்பேன். முடியும் என்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. முடியாதவர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

டிஸ்னி வெகேஷன் கிளப் 1991-இல் தொடங்கியது. அதன் முதல் ரிசார்ட் இன்று ஓல்ட் கீ வெஸ்ட் என்ற பெயரில் இயங்குகிறது. பழைய பாணி டைம்ஷேரில் ஆண்டின் ஏதாவது ஒரு வாரம் உங்களுடையது. இங்கே வாரத்துக்குப் பதிலாகப் புள்ளிகள். ஒரு கட்டடத்தில் மிகச் சிறிய பங்கு உங்கள் பெயரில் பத்திரமாகப் பதிவாகிறது. அந்தப் பங்கின் அளவுக்கேற்ப ஆண்டுதோறும் புள்ளிகள் கணக்கில் வந்து சேர்கின்றன. அறையின் அளவு, பால்கனியிலிருந்து தெரியும் காட்சி, பருவம், வாரநாளா வார இறுதியா என்பவற்றைப் பொறுத்து ஓர் இரவுக்கு இத்தனை புள்ளி என்று ஓர் அட்டவணை இருக்கிறது. வெள்ளி, சனி இரவுகளுக்குக் கூடுதலாகப் போகும். பத்திரம் என்றவுடன் நம்மவர்களுக்கு மனை வாங்கிய நினைப்பு வந்துவிடுகிறது. ஆனால் இந்தப் பத்திரத்துக்கு முடிவுத் தேதி உண்டு. போர்ட்வாக், பீச் கிளப் ஆகிய ரிசார்ட்டுகளின் ஒப்பந்தங்கள் 2042 ஜனவரி 31 அன்று முடிகின்றன. சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054 வரை, ரிவியரா 2070 வரை. அந்த நாளுக்குப் பிறகு உங்கள் கையில் எதுவும் இருக்காது. பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்து என்று எண்ணி யாரும் இதை வாங்கக் கூடாது.

உறுப்பினராவதன் உண்மையான பலன் முன்பதிவில் கிடைக்கும் முந்துரிமையில்தான் இருக்கிறது. எந்த ரிசார்ட்டில் பங்கு வாங்கினீர்களோ அதுவே உங்கள் ஹோம் ரிசார்ட். அங்கே போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக 11 மாதங்களுக்கு முன்பு, ஃப்ளோரிடா நேரப்படி காலை 8 மணிக்கு, அந்த நாளிலிருந்து ஏழு இரவுகள் வரை ஒரே முறையில் பதிவு செய்யலாம். மற்ற ரிசார்ட்டுகளுக்கு 7 மாதங்களுக்கு முன்புதான் கதவு திறக்கும். இடைப்பட்ட நான்கு மாதங்கள் அந்தந்த ரிசார்ட்டில் பங்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் முன்பதிவு திறக்கும் காலை 8 மணியை அனுபவித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

டிஸ்னி வேர்ல்டில் உள்ள அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ரிசார்ட்டின் ஜாம்போ ஹவுஸ் கட்டடத்தில் வேல்யூ என்ற வகையில் சில அறைகள் இருக்கின்றன. அளவில் கொஞ்சம் சிறியவை, புள்ளி மிகக் குறைவு, எண்ணிக்கையும் மிகக் குறைவு. அவற்றைப் பிடிக்க வேண்டுமானால் முந்தைய இரவே உள்நுழைந்து பார்த்து, தேதிகளைக் குறித்து வைத்து, காலை 7.55-க்குத் திரைக்கு முன்னால் அமர்ந்திருக்க வேண்டும். மணி எட்டைத் தொட்டதும் தேடல் பொத்தானை அழுத்தினால் அறை தெரியும். பெயர்களைச் சரிபார்த்து உறுதி செய்வதற்குள் போய்விடவும் செய்யும். அதே லாட்ஜில் சவானா, அதாவது விலங்குகள் மேயும் புல்வெளி, பக்கம் பார்த்த அறை கிடைத்தால், விடியற்காலையில் பால்கனியில் நின்று, ஒட்டகச்சிவிங்கி ஒன்று கழுத்தை நீட்டி மரக்கிளைத் தீவனத்தை நிதானமாக உருவி மென்றுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். என் அம்மா காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறைக்காக 11 மாதங்களுக்கு முன்பே உட்கார்ந்து பதிவு செய்வதை நான் பெரிய சிரமமாகக் கருதவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைக் கண்டித்துச் சொல்ல வேண்டும். டிசம்பர் முதல் இரண்டு வாரங்கள் உறுப்பினர்களிடையே பெரும் கிராக்கி உள்ள காலம். கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் வந்திருக்கும், விடுமுறைக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. அந்த நாட்களில் அறை வேண்டும் என்பவர்களில் சிலர், வேண்டிய தேதிக்குப் பல நாட்கள் முன்னதாக உள்ள தேதிகளைப் பதிவு செய்துவிட்டு, ஒவ்வொரு நாள் காலையிலும் முதல் இரவை விட்டுக் கடைசியில் ஓர் இரவைச் சேர்த்து, அப்படியே பதிவை நகர்த்திக்கொண்டே போய்த் தாங்கள் விரும்பும் வாரத்தில் நிறுத்துகிறார்கள். உறுப்பினர்கள் இதை "வாக்கிங்" என்கிறார்கள். ஏழு இரவுகளைக் கையில் பிடித்தபடி வருபவரோடு, தன் 11 மாத நாளில் நேர்மையாக வந்து நிற்பவர் எப்படிப் போட்டியிட முடியும்? எண்ணிக்கையில் குறைந்த வகை அறைகள் சரியான நாளில் வந்தவருக்குக் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒருமுறை பதிவு செய்ததை இத்தனை முறைதான் மாற்றலாம் என்று ஒரு வரம்பு வைத்தாலே போதும் என்று நினைக்கிறேன். உறுப்பினர்களுக்குள்ளேயே இதைச் சாமர்த்தியம் என்று பாராட்டுபவர்கள் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆகவே, எங்கே தங்க விருப்பமோ அங்கேயே பங்கு வாங்குங்கள். எங்கே மலிவோ அங்கே வாங்கிவிட்டு, 7 மாதங்களுக்கு முன்பு கதவு திறக்கும்போது விரும்பிய இடத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்ற ஆலோசனையை அடிக்கடி கேட்கிறேன். சரடோகா ஸ்பிரிங்ஸ் போன்ற மிகப் பெரிய ரிசார்ட்டில் அது பெரும்பாலும் பலிக்கும். கலிஃபோர்னியாவில் உள்ள கிராண்ட் கலிஃபோர்னியன் வில்லாக்களைப் போல அறைகளின் எண்ணிக்கையே குறைவான இடத்தில், 7 மாதங்களுக்கு முன்பு போய் நின்றால் பெரும்பாலும் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கும்.

நம் குடும்பங்களுக்கு இதில் தனியான ஒரு சிக்கல் உண்டு. அதை யாரும் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதில்லை. கோடை விடுமுறை வந்தால் ஊருக்குப் போக வேண்டும். போகாத ஆண்டில் அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ இங்கே வருவார்கள்; அந்த வருகை விசா, உடல்நிலை, ஊரில் நடக்கும் கல்யாணம் காட்சி என்று எத்தனையோ விஷயங்களைப் பொறுத்தது. அவர்கள் வரும் மாதம் 11 மாதங்களுக்கு முன்பே முடிவாவது அபூர்வம். ஆனால் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போகும்போதுதான் இந்த வில்லாக்களின் அருமையே தெரியும். இரண்டு படுக்கையறை வில்லாவில் முழுச் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் இருக்கும். சைவம் மட்டுமே சாப்பிடும் பெரியவருக்கு மூன்று வேளையும் வெளியில் தேடி அலைய வேண்டியதில்லை. மதிய வெயிலில் அவர்கள் அறையில் படுத்திருக்க, பிள்ளைகள் நீச்சல் குளத்தில் இருக்கலாம். ஆக, வில்லா மிகவும் தேவைப்படும் ஆண்டில்தான் தேதி நம் கையில் இருப்பதில்லை.

இதைச் சமாளிக்க விதிகளில் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் யூஸ் இயர் என்று ஒரு தொடக்க மாதம் உண்டு. அந்த ஆண்டின் முதல் எட்டு மாதங்களுக்குள் பயன்படாத புள்ளிகளை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கி வைக்கலாம். அடுத்த ஆண்டின் புள்ளிகளை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். ஆகவே ஊருக்குப் போகும் ஆண்டின் புள்ளிகளைச் சேமித்து, பெற்றோர் வரும் ஆண்டில் இரண்டையும் சேர்த்துப் பெரிய வில்லா எடுப்பது நம்மவர்களுக்கு ஏற்ற முறை. ஆனால் ஒருமுறை ஒதுக்கிய புள்ளியை மறுபடியும் தள்ளிப்போட முடியாது. முன்கூட்டியே எடுத்ததைத் திருப்பி வைக்கவும் முடியாது. எட்டு மாதக் கெடு தாண்டிவிட்டால் அந்த ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளிகள் காலாவதியாகிவிடும். போய்ச் சேரும் நாளுக்கு 30 நாட்களோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரத்து செய்தால், அந்தப் புள்ளிகளைக் கொண்டு, பதிவு செய்யும் நாளிலிருந்து 60 நாட்களுக்குள் வரும் தங்கலைத்தான் பதிவு செய்ய முடியும். பள்ளி விடுமுறைக்கு மட்டுமே கிளம்ப முடிந்த குடும்பத்துக்கு அது ஏறக்குறைய இழப்புதான். வாங்கும்போதே உங்கள் பயணங்கள் எந்த மாதங்களில் விழும் என்று பார்த்து, அவற்றுக்குச் சற்று முன்பாகத் தொடங்கும் யூஸ் இயரைத் தேர்ந்தெடுத்தால், பயணம் ரத்தானாலும் ஒதுக்கி வைக்க அவகாசம் இருக்கும். விலையில் சில டாலர் குறைப்பதற்குப் பேரம் பேசுபவர்கள்கூட இந்த மாதத்தைக் கவனிப்பதில்லை.

புள்ளி அட்டவணையைப் பற்றி ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். ஒரு ரிசார்ட்டின் மொத்தப் புள்ளிகளை நிறுவனம் நினைத்தபடி கூட்ட முடியாது. ஒரு பருவத்தில் ஏற்றினால் இன்னொன்றில் இறக்கியாக வேண்டும். 2020-ஆம் ஆண்டுக்கென்று முதலில் வெளியான அட்டவணையில், இரண்டு படுக்கையறை வில்லாவை ஸ்டூடியோ என்ற ஒற்றை அறையாகவும் ஒரு படுக்கையறை வில்லாவாகவும் பிரித்துப் பதிவு செய்யும்போது செலவாகும் கூடுதல் புள்ளிகள் பல இடங்களில் உயர்த்தப்பட்டிருந்தன. உறுப்பினர்கள் ஒப்பந்த வரிகளைக் காட்டிக் கேள்வி எழுப்பினார்கள். 2019 ஜனவரியில் அந்த அட்டவணை திரும்பப் பெறப்பட்டது. தாங்கள் கையெழுத்திட்ட தாள்களை வரிவரியாகப் படித்தவர்கள் இருந்ததால் நடந்தது அது.

இனி பணம். புதிய ரிசார்ட்டுகளில் நேரடியாக வாங்கினால் ஒரு புள்ளி 200 டாலரைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் ஆண்டுக் கட்டணம். பராமரிப்பு, எதிர்காலப் புதுப்பிப்புக்கான சேமிப்பு, சொத்து வரி எல்லாம் அதில் அடங்கும். புள்ளிக்கு 9 டாலர் என்று வைத்துக்கொண்டால், 150 புள்ளிக்கு ஆண்டுக்கு 1,350 டாலர். போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும், ஆண்டுக்கு ஆண்டு ஏறும். பூங்காவின் நுழைவுச் சீட்டு இதில் சேராது. கடன் வாங்கி இதை வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வட்டியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் மிச்சம் என்று சொல்லப்படுவது கரைந்துபோகும்.

மறுவிற்பனையில், அதாவது ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரிடமிருந்து வாங்கினால், விலை பல இடங்களில் கணிசமாகக் குறைவு. விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்ட பிறகும், அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை டிஸ்னிக்கு உண்டு. அதற்காகச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். 2019 ஜனவரி 19 முதல் மறுவிற்பனையில் வாங்கப்பட்ட பழைய 14 ரிசார்ட்டுகளின் புள்ளிகளைக் கொண்டு ரிவியராவிலும் அதற்குப் பின் வந்த ரிசார்ட்டுகளிலும் தங்க முடியாது. ரிவியராவின் புள்ளிகளை மறுவிற்பனையில் வாங்கினால் ரிவியராவில் மட்டும்தான் தங்கலாம். நாங்கள் மறுவிற்பனையில் வாங்கியவர்கள். ஹோம் ரிசார்ட்டிலேயே தங்குபவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு ஒரு குறையாகத் தெரியாது; புதிது புதிதாகத் திறக்கும் இடங்களையெல்லாம் பார்க்க விரும்புபவர்களுக்குத் தெரியும்.

விடுமுறையின் நடுவில், பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கும் நேரத்தில், மாதிரி அறையைக் காட்டி விற்பனைப் பிரதிநிதி கணக்குச் சொல்லும்போது கையெழுத்துப் போட மனம் வந்துவிடும். அதில் தவறில்லை. ஃப்ளோரிடா சட்டப்படி, கையெழுத்திட்ட நாள், தேவையான ஆவணங்கள் அனைத்தும் கைக்கு வந்த நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டுக்குத் திரும்பியதும், பள்ளி நாட்காட்டியையும் ஊருக்குப் போகும் திட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் அந்த நாட்களில் ஒருமுறை நிதானமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இன்னும் முடிவு செய்ய இயலாதவர்கள், ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவரிடமிருந்து ஓர் ஆண்டுக்கான புள்ளிகளை வாடகைக்கு எடுத்து, அதே வில்லாவில் தங்கிப் பார்க்கலாம். அறை உங்கள் பெயரில் பதிவானாலும், பதிவு அந்த உறுப்பினரின் கணக்கில்தான் இருக்கும். தேதியை மாற்றவோ ரத்து செய்யவோ அவரால் மட்டுமே முடியும். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பு, ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும், ஆண்டுக் கட்டணத்தை அவர் கட்டியிருக்கிறாரா, அந்தப் புள்ளிகள் எப்போது காலாவதியாகின்றன என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.