கிளிப் லென்ஸ் வெளிச்சத்தைக் கூட்டாது

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சி முனையிலிருந்து ராத்திரி சேலத்தைப் படமெடுக்க, போன் கேமரா மேல் வைட் கிளிப் லென்ஸ் (கிளிப்பால் கவ்வி நிற்கும் அகலக்காட்சி லென்ஸ்) மாட்டினால் வெளிச்சம் கூடுதலாக வரும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. அது காட்சியை அகலமாக்கும், அவ்வளவுதான். போனில் வெளிச்சத்தைப் பதிவு செய்யும் சென்சாரும், வெளிச்சம் உள்ளே வரும் லென்ஸ் துவாரமும் மாறுவதில்லை. நடுவே இன்னொரு கண்ணாடி வருவதால் வெளிச்சம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். நான் மாட்டிப் பார்த்தேன்: பளிச்சென்ற விளக்குகளுக்கு எதிர்ப்பக்கத்தில் பச்சையாகப் பொய்ப்புள்ளிகள், ஓரத்து விளக்கெல்லாம் வால் முளைத்த மாதிரி. மலைப்பனி வேறு அந்தக் கண்ணாடியில் படிந்துவிடும். கழற்றிப் பையில் போட்டுவிட்டு, போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து, நைட் மோடில், விரல் பட்டு ஆடாமலிருக்க 3 விநாடி டைமர் வைத்து எடுங்கள். வைட் லென்ஸைக் காலையில் பகோடா பாயிண்ட் காட்சி முனையில் மாட்டிக்கொள்ளலாம்.