எங்க ஊர் ரோட்டில் வளைவு இல்லைதான், காற்று இருக்கிறது

போன வாரம் மதுரையிலிருந்து வந்த நண்பன், "உங்க ஊர்ல பைக் ஓட்ட என்னடா இருக்கு, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி ரோடு, ஒரு வளைவு கிடையாது, ஒரு ஏத்தம் கிடையாது, கொடைக்கானல் பக்கம் வந்து ஓட்டிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. நான் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊர்ப் பக்கம். முதலில் அப்பாவின் டிவிஎஸ் ஃபிஃப்டி, இப்போது பழைய ஸ்பிளெண்டர் என்று பதினேழு வருசமாக இந்தக் கடற்கரையில்தான் ஓட்டுகிறேன். தமிழ்நாட்டில் வண்டி ஓட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி.

பாம்பன் பாலத்தில் ஆடி மாசம் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். 1988இல் திறந்த பாலம், 2.3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ராமேஸ்வரம் பார்த்துப் போகும்போது சோழகக்காற்று, அதாவது தெற்கிலிருந்து அடிக்கிற காற்று, வலப்பக்கமிருந்து தள்ளும். நமக்கே தெரியாமல் வண்டியை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தபடிதான் நேராகப் போய்க்கொண்டிருப்போம். அந்த நேரம் எதிரே பஸ் வரும். அது வலப்பக்கம்தானே வரும், காற்றை அப்படியே மறைத்துவிடும், அந்த ஒரு நொடி வண்டி பஸ்ஸைப் பார்த்து இழுக்கும். பஸ் தாண்டியதும் மறைந்திருந்த காற்று மொத்தமும் சேர்ந்து வந்து அறையும். பழகியவன் தூரத்தில் பஸ்ஸைப் பார்த்ததுமே ஆக்ஸிலேட்டரைக் குறைத்து முழங்காலால் டேங்கை இறுக்கிக்கொள்வான். எந்த மலைப்பாதையில் ஐயா இது கிடைக்கும்? பாலத்து உச்சியில் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இறங்கியபின் ஓரமாக நின்று எடுங்கள். காற்றோடு மல்லுக்கட்டி வருகிறவன் உங்களுக்காகச் சட்டென்று ஒதுங்க முடியாது.

அப்புறம், எங்களுக்கு ரெண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, அதைப் பெண் கடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். மண்டபத்தில் நிலம் ஒடுங்கிப்போவதால் பத்து நிமிசத்தில் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு வண்டியிலேயே போய்விடலாம். ஆடியில் தெற்குக் கடல் குமுறிக்கொண்டிருக்கும்போது வடக்கே அரியமான் பக்கம் போனால் தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்தது போலக் கிடக்கும். மார்கழியில் வடக்கிலிருந்து வாடை அடித்தால் எல்லாம் தலைகீழ். எந்த மாசம் எந்தப் பக்கம் போவது என்று காற்றைக் கேட்டுத்தான் நாங்கள் கிளம்புவது.

தனுஷ்கோடி பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 2017க்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தில் பைக்கைப் போட்டுவிட்டு, மணலிலும் தண்ணியிலும் குலுங்கிப் போகிற வேனில்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். 1964 டிசம்பர் புயல் தின்ற ஊருக்கு ரோடு போட்டு, அரிச்சல்முனை வரை என் சொந்த வண்டியிலேயே போய் நின்ற முதல் நாள் இஞ்சினை அணைக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. ஆனால் அந்த ரோட்டில் நூறில் பறக்கிறார்கள் பாருங்கள், அது வயிற்றைக் கலக்குகிறது. காற்றில் மணல் வந்து ரோட்டின் மேல் மெல்லிசாகப் படிந்திருக்கும், தூரத்திலிருந்து தெரியவே தெரியாது, பிரேக் பிடித்த பிறகுதான் தெரியும். நாற்பதில் போங்கள். ரெண்டு பக்கமும் கடல், அவசரப்பட்டு எங்கே போகப் போகிறோம்? அதிகாலையில் போய்விட்டுப் பொழுது சாயுமுன் திரும்புங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஈசிஆரில் கீழக்கரை, ஏர்வாடி தாண்டி சாயல்குடி பார்த்துப் போகிற பக்கம்தான். பனை, உடைமரம், மறுபடி பனை. வாலிநோக்கம் திரும்பினால் உப்பளம், வெள்ளைக் குவியல் வெயிலில் கண்ணைக் கூசும். சித்திரையில் ரோட்டோரம் நுங்கு வெட்டிக் கொடுப்பார்கள், ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் நோண்டித் தின்றுவிட்டுக் கிளம்பினால் அடுத்த முப்பது கிலோமீட்டருக்குத் தாகமே எடுக்காது.

முள் மட்டும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சீமைக்கருவேல முள் டயரை மதிக்காது. ஒரு நாள் உட்கிராமத்து ரோட்டில் பின் டயர் இறங்கி, உச்சி வெயிலில் தள்ளிக்கொண்டு போனேன். கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கரிக்கையோடு ஓடி வந்து, "அப்பு, நீ முன்னால புடி, நான் தள்றேன்" என்று பஞ்சர் கடை வரை கூடவே வந்தார். காசு நீட்டியதற்குக் கோபம்தான் வந்தது அவருக்கு. சீட்டில் பதிந்த அவர் கைத்தடத்தைத் துடைக்க எனக்கு ரெண்டு நாள் மனசு வரவில்லை.

மீன் வண்டிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், வழிகிற ஐஸ் தண்ணியில் டயர் வழுக்கும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணியில் வண்டியைக் கழுவி, செயினுக்கு ஆயில் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் உப்பு தின்றுவிடும். நான் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் ஒரு குடம் தண்ணி ஊற்றாமல் படுக்க மாட்டேன். வண்டியைத் தடவி விரலை நக்கிப் பார்த்தால் கரிக்கும். கரிப்பு போகிற வரைக்கும் கழுவ வேண்டும்.