முறைத் தண்ணீரும் மன்ஹற்றன் அறையும்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணி. படுக்கப் போகிற நேரத்தில் ஸ்காபரோவிலிருந்து தம்பியின் மகன் வீடியோ அழைப்பில் வந்தான். அங்கே பகல் ஒரு மணி. முகம் நிறையச் சிரிப்பு. "பெரியப்பா, நாங்களும் வாங்கிவிட்டோம். இனி நியூயோர்க்கில் வருடத்துக்கு ஒரு வாரம் எங்களுக்கும் சொந்தம்" என்றான். வியாழக்கிழமை ரொறன்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் டைம்ஷெயர், அதாவது விடுதி அறையை வாரக் கணக்கில் விற்கும் கூட்டமாம். ஒன்றரை மணித்தியாலம் என்று சொல்லிக் கூப்பிட்டவர்கள், கைக்குழந்தையோடு போன இருவரையும் ஐந்து மணித்தியாலம் இருத்தி வைத்திருக்கிறார்கள். கடைசியில் 22,000 டொலருக்குக் கையெழுத்து. "உங்களைப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்றும் சொன்னான்.

அந்த ஒரு சொல் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. என்னைப் பார்த்து வாங்கினான் என்றால், நான் பட்டதையும் அறிந்ததையும் முழுவதாக அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவனைப் போல இன்னும் பத்துப் பிள்ளைகளாவது எங்கள் உறவுக்குள் இருப்பார்கள் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

நான் கனடாவில் இருந்த காலத்தில், 2005இல், மன்ஹற்றனில் ஒரு டைம்ஷெயர் விடுதியில் வருடத்துக்கு ஒரு வாரம் வாங்கினேன். 2014இல் கிளிநொச்சி வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்துவிட்டேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறேன். அந்த வாரம் மட்டும் இன்னும் என் பெயரில் இருக்கிறது.

அறியாதவர்களுக்கு: ஒரு விடுதி அறையை வருடத்தின் 52 வாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாரத்தையும் ஒவ்வொருவருக்கு விற்பதுதான் டைம்ஷெயர். ஐரோப்பாவில் 1960களில் தொடங்கியது. சுவிற்சர்லாந்தின் ஹாப்பிமாக் 1963இல் பிறந்த நிறுவனம். கடற்கரைக்கும் பனிமலைக்கும் என்று உண்டான ஏற்பாடு பிறகு நகரங்களுக்கும் வந்தது. இப்போது பல இடங்களில் வாரத்துக்குப் பதிலாகப் புள்ளிகளை விற்கிறார்கள்; அந்தப் புள்ளிகளைக் கொடுத்துத் தங்கும் நாட்களை எடுக்க வேண்டும். எதை வாங்கினாலும் வாங்கிய விலை ஒருபுறம், வருடாவருடம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் மறுபுறம். போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும்.

போன வருடம் ஒக்ரோபரில் மகள் குடும்பத்தோடு அங்கே தங்கினேன். நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. அறை சிறியது. பகலில் சுவரோடு மடித்துவைத்து இரவில் இறக்கும் கட்டில், விரித்தால் படுக்கையாகும் சோபா. ஆனால் மூலையில் ஒரு சமையல் மேடை. இரண்டு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, நான்கு சட்டி, ஆறு தட்டு. நகர ஹோட்டல்களில் இது பெரும்பாலும் கிடைக்காது. எங்கள் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேண்டியதில்லை. மனைவி இங்கே வறுத்து இடித்துக் கட்டிக் கொடுத்த தூள் பெட்டியில் இருந்தது. சைனாடவுனில் மீன் வாங்கி வந்து மகள் குழம்பு வைத்தாள். ஐந்து பேர், ஒரு கட்டிலின் ஓரத்திலும் இரண்டு கதிரைகளிலும் இருந்து, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். பதினெட்டாம் மாடி. கீழே மஞ்சள் டாக்சிகள் எறும்பு ஊர்வது போல ஊர்ந்தன. மறுநாள் 7ஆம் இலக்க ரயிலில் ஃப்ளஷிங் போய்க் கணேசர் கோவிலைக் கும்பிட்டோம். 1977இல் குடமுழுக்குக் கண்ட கோவில். நிலக்கீழ் மண்டபத்துச் சிற்றுண்டிச்சாலையில் தோசை சாப்பிட்டுத் திரும்பினோம். பேரப்பிள்ளைகளோடு அப்படி ஒரு வாரம் இருப்பதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

வந்து இறங்கிய அன்று வரவேற்பு மேசையில் அறை அட்டையை ஒரு சிறிய உறையில் போட்டுக் கொடுத்தார்கள். உறையில் என் பெயருக்கு மேலே 'உரிமையாளர்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. மின்தூக்கியில் பேரன் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அம்மப்பா, இந்தக் கட்டடம் உங்களுடையதா?" என்று கேட்டான்.

"ஒரு வாரத்துக்கு" என்றேன்.

"அப்படியென்றால் எந்த அறை உங்களுடையது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் வேறு அறைதான் கிடைக்கிறது. அதுவும் பதினொரு மாதத்துக்கு முன்பே, பதிவு திறக்கும் நாளன்று விடியும்வரை விழித்திருந்து பிடித்தால்தான் கிடைக்கிறது.

உரிமையாளர் என்ற சொல்லை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2009 போரில் காணி உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் தொலைத்துவிட்டு வந்தவர்கள், இந்தப் பனையிலிருந்து அந்தக் கிணறு வரை என்று கை நீட்டி எல்லை சொன்ன ஊர் இது. எங்களிடம் கடதாசி இல்லை, காணி இருந்தது. மன்ஹற்றனைப் பொறுத்தவரை என்னிடம் அறுபது பக்கக் கடதாசி இருக்கிறது. கை நீட்டிக் காட்ட ஓர் அடி நிலம் இல்லை.

இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டோடு 'உரிமையாளர் சந்திப்பு' ஒன்றுக்கு அழைத்தார்கள். போனேன். மரியாதையான பிள்ளை ஒருத்தி திரையில் படங்களைக் காட்டி, என் வாரம் பழைய முறை என்றும், இன்னும் சில ஆயிரம் டொலர் கொடுத்துப் புள்ளிகளுக்கு மாறினால்தான் எதிர்காலம் நல்லது என்றும் சொன்னாள். அதாவது, வாங்கியவனுக்கே திரும்ப விற்கிற கூட்டம். நான் ஒன்றை மட்டும் கேட்டேன். வாங்கியபோது வருடத்துக்கு 640 டொலராக இருந்த பராமரிப்புக் கட்டணம் இப்போது 1,480. இதைக் கூட்டியது யார்? நிர்வாக சபை என்றாள். அந்தச் சபை எப்போது கூடும், நான் வந்து பேசலாமா என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். அவளில் பிழையில்லை. அந்தக் கேள்விக்கு அவளிடம் படம் இல்லை.

என் மனதில் நிற்பது அந்த இடம்தான். முறை வைத்துப் பகிர்வது எங்களுக்குப் புதிய விஷயமா? இரணைமடு 36 அடி நிறைந்தாலும், அதன் கீழுள்ள 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் முழுவதற்கும் மழை குறைந்த சிறுபோகத்தில் தண்ணீர் காணாது. அதனால் பங்கு. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்ல, அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் நடக்கும். எவ்வளவு நிலத்துக்கு விதைப்பு, ஏக்கருக்கு எவ்வளவு பங்கு, முதல் தண்ணீர் எந்தத் திகதி, கடைசித் தண்ணீர் எந்தத் திகதி, எல்லாம் அங்கேதான் தீர்மானம். கூட்டம் அமைதியாக நடந்ததை நான் கண்டதில்லை. ஒலிவாங்கியைப் பறிப்பார்கள், பழைய கணக்கை இழுப்பார்கள், எழுந்து வெளியே போய்த் திரும்பி வருவார்கள். ஆனால் மூன்று ஏக்கர்காரன் எழுந்து, "எங்கள் வாய்க்காலுக்குப் போன முறை இரண்டு நாள் குறைந்தது" என்றால், மேடையிலிருப்பவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இங்கேயும் குறை உண்டு. காணி வெளிநாட்டில் இருப்பவரின் பெயரில் இருக்கும், குத்தகைக்குச் செய்கிறவன் சேற்றில் நிற்பான், பங்கு காணிக்காரருக்குப் போகும். இதை நான் பலமுறை கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். சொல்வதற்கு ஓர் இடம் இருக்கிறது.

உரிமையாளருக்கே அவருடைய முறை கிடைக்காமல் போன கதையும் நடந்திருக்கிறது. நியூயோர்க்கில் மன்ஹாட்டன் கிளப் என்ற டைம்ஷெயர் விடுதி மீது மாநிலச் சட்டமா அதிபர் நடவடிக்கை எடுத்தார். பணம் கட்டிய உரிமையாளர்களுக்கு அறை கிடைக்கவில்லை, அதே அறைகள் வெளியாருக்கு வாடகைக்குப் போயின என்பது முறைப்பாடு. 2017இல் 65 இலட்சம் டொலர் இணக்கத்தோடு அது முடிந்தது. எங்களுடைய விடுதி அதுவல்ல. ஆனால் வாய்க்காலின் தலைப்பில் இருப்பவன் மடையை மறித்து, தண்ணீரை வேறொருவனுக்குக் காசுக்கு விட்டால் கடைவயல்காரன் படும் பாடு எனக்குத் தெரியும். அந்தச் செய்தியை வாசித்தபோது அந்த மக்களை எனக்கு நன்றாக விளங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் ஒப்பந்தத்துக்கு முடிவுத் திகதி கிடையாது. எனக்குப் பிறகு பிள்ளைகளின் தலையில் விழக்கூடியது. ஸ்பெயினில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஐம்பது ஆண்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. எல்லா இடத்திலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. விற்றுவிடலாம் என்றால் வாங்க ஆளில்லை. ஈபேயில் ஒரு டொலருக்குக்கூட டைம்ஷெயர் வாரங்களைப் போட்டிருக்கிறார்கள், பராமரிப்புக் கட்டணத்திலிருந்து தப்பினால் போதும் என்று. இங்கே 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணிக்குப் பின்னுரித்தாளராக, அதாவது அடுத்து உரிமை பெறுபவராக, யாரைப் போடுவது என்று அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். என் மகள் மன்ஹற்றன் அறையில் தட்டுக் கழுவிக்கொண்டே, "அப்பா, இதை மட்டும் என் பெயருக்கு எழுதிவிடாதீர்கள்" என்றாள். வயலைப் பற்றி அவள் அப்படிச் சொன்னதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். தங்குங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அடுப்புள்ள அறையாகப் பாருங்கள். அதே அறையை ஒரு உரிமையாளரிடமிருந்து ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம். ஒவ்வொரு வருடமும் கட்டாயம் போகிறவர், நோயோ வேலையோ குறுக்கிடாது என்று நம்புகிறவர், இன்னொருவர் கைவிடும் வாரத்தைச் சொற்ப விலைக்கு வாங்கலாம். விற்பனைக் கூட்டத்தில், குழந்தை அழ அழ, அன்றைக்கே கையெழுத்திட்டால்தான் இந்த விலை என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார், ஒப்பந்தம் எப்போது முடிகிறது, வெளியே வர வழி எது என்பதற்கு எழுத்தில் பதில் வராத இடத்தில் உங்கள் பெயரை எழுதாதீர்கள். நான் 2005இல் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு இன்றுவரை காசு கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களுக்கு: ஒன்ராறியோவில் டைம்ஷெயர் ஒப்பந்தத்தின் எழுத்துப் பிரதி கைக்கு வந்து பத்து நாளுக்குள், காரணம் எதுவும் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பதினான்கு நாள். கூட்டத்தில் இதைப் பெரிதாகச் சொல்லமாட்டார்கள், ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் இருக்கும். எழுத்தில் கொடுங்கள், அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் திங்கட்கிழமை தம்பியின் மகனுக்குச் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. பேசவில்லை. மருமகள் தொலைபேசியை வாங்கி, "மாமா, கட்டிய முற்பணம் திரும்ப வருமா?" என்று கேட்டாள். பத்து நாளுக்குள் என்றால் வரும் என்றேன். "இவருக்கு நான் சொல்கிறேன்" என்றாள்.

இன்று புதன்கிழமை. வருகிற ஞாயிறோடு அந்தப் பத்து நாளும் முடிகிறது. இன்னும் பதில் வரவில்லை. இன்று இரவு ஒரு மணிக்கு எங்கள் வாய்க்காலுக்கு முறை. மண்வெட்டியோடு மடையில் நிற்பேன். தொலைபேசி சட்டைப்பையில் இருக்கும். தம்பி, எந்த நேரமென்றாலும் எடு.