ஸ்பிரிங் மட்டும் காரணமில்லை
சினிமாவில் வரும் துப்பாக்கிகளைப் போலச் செய்த பொம்மைத் துப்பாக்கிகள் தூரம் சுடாததற்கு ஸ்பிரிங் வலுவில்லாததே காரணம் என்று உங்கள் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. வேலூர் லாங் பஜாரில் மகனுக்கு வாங்கிய ஒன்று, கோட்டைப் பூங்கா புல்வெளியில் பத்தடிகூடத் தாண்டவில்லை; அவன் முகம் வாடிப்போனது. வீட்டில் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. படத்தில் வரும் வடிவத்துக்காக உடலைக் குறுக்கியதில் காற்றுக் குழாய்க்குக் கட்டைவிரல் அளவு இடம்தான் மிஞ்சியிருந்தது. ஸ்பிரிங் தள்ள, குழாயிலுள்ள காற்றை அழுத்தித் தோட்டாவைப் பாயவைக்கும் பிஸ்டனின் ரப்பர் வளையமும் தளர்வு. காற்றே இல்லாமல் ஸ்பாஞ்ச் தோட்டா எப்படிப் பறக்கும்? அப்புறம், பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். 1979இல் அமெரிக்க பொம்மை நிறுவனமான கென்னர், முதுகிலிருந்து ராக்கெட் பாயும் என்று விளம்பரம் செய்த ஸ்டார் வார்ஸ் பாத்திரமான போபா ஃபெட்டின் பொம்மையில், ராக்கெட்டைப் பிடித்து நிறுத்தும் தாழுக்கு ‘எல்’ வடிவப் பள்ளம், பிறகு ‘ஜே’ வடிவப் பள்ளம் என்று மாற்றிப் பார்த்தார்கள். குழந்தை விழுங்கிவிடும் என்ற பயத்தில் கடைசியில் ராக்கெட்டை ஒட்டியே அனுப்பினார்கள். அது சரியான முடிவு. எங்கள் துப்பாக்கியில், ரப்பர் வளையத்துக்கு அடியில், தண்ணீர்க் குழாய் இணைப்பில் சுற்றும் டெஃப்லான் டேப்பைச் சுற்றியதும் இருபதடி போகிறது.