பிப்ரவரியிலேயே கோப்பையா?

அமெரிக்காவில் பேஸ்பால் சீசன் தொடங்குவதற்கு முன்னால் இந்த ரசிகர்கள் போடும் சண்டை இருக்கிறதே, தாங்க முடியவில்லை. ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் நடக்கும் பயிற்சி ஆட்டத்தில், அதுவும் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் போய் உட்கார்ந்துவிட்ட ஏழாவது இன்னிங்ஸில், முதுகில் 91 என்று எண் போட்ட ஏதோ ஒரு மைனர் லீக் (கீழ்மட்ட லீக்) பையன் வீசியதை ஒருவர் ஹோம் ரன் அடித்துவிட்டால் போதும், "இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அட, அங்கே வீசுகிறவர்களில் பல பேர் புதிதாக ஒரு வகைப் பந்துவீச்சைப் பழகிப் பார்க்கத்தான் வருகிறார்கள், ரன் போனால் அவர்களுக்கு என்ன! இன்னொரு கூட்டம் நேர் எதிர்: நல்ல ஆளை எடுக்கவில்லை, முதலாளி கஞ்சன், சீசன் அவ்வளவுதான். எதைப் பேசினாலும் கடைசியில் "யாருக்கும் காயம் ஆகாமல் இருந்தால்" என்று ஒரு வால் வேறு. சீசனின் 162 ஆட்டத்திலும் ஒருத்தருக்குக்கூட முழங்கை போகாதாம்! 2001-இல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டம் ஜெயித்தும், கோப்பைக்கான கடைசிச் சுற்றான உலகத் தொடருக்குப் போகவில்லை. 2023-இல் அரிசோனா டீம் வெறும் 84 ஜெயித்துவிட்டு அங்கே போய்விட்டது. இதைச் சொன்னால் "உனக்கு டீம் மேல் பாசமே இல்லை" என்று என் மீதே பாய்கிறார்கள். சரி, முதல் ஆட்டத்துக்கே இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, கொஞ்சம் மூச்சு விடுங்கப்பா.