வாட்டம் எங்கே, அண்ணாச்சி?

“ஒரு துணிய வச்சுத் தொடச்சாப் போச்சு.”

நேற்று சாயங்காலம், என் புது சமையல் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு கொத்தனார் சொன்ன வார்த்தை இது. 43 நாள் வேலை. 85,000 ரூபாயில் முடிப்பது என்று நோட்டில் எழுதிவைத்த கணக்கு 1,12,000-த்தில் வந்து நிற்கிறது. இத்தனைக்கும் பதில் ஒரு துணி. ராத்திரி தூக்கமே வரவில்லை. எழுதினால்தான் ஆறும்.

பழைய வீட்டில் கை வைத்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலி டவுனில் வளவு வீடு, ஒரே வளாகத்துக்குள் வரிசையாக நிற்கிற வீடுகளில் ஒன்று. நாட்டு ஓடு, சுண்ணாம்புச் சுவர், எட்டுக்கு ஏழடி அடுக்களை. அத்தை ஐம்பது வருஷமாகப் புகைந்த இடம். புதுசாக ஒன்றும் கேட்கவில்லை நாங்கள். நின்று சமைக்க ஒரு மேடை, ஒரு சிங்க், பாத்திரம் வைக்க இரண்டு தட்டு. அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் முதல்முறையாகக் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினேன். மேடையில் சிந்தும் தண்ணீர் சிங்க்குக்குத்தானே வர வேண்டும்? வரவில்லை. சுவர்ப் பக்கமாக நகர்ந்து, அடுப்பு வைக்கிற மூலையில் போய்க் குளம் கட்டிக்கொண்டது. துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றிப் பார்த்தேன். மறுபடியும் அதே மூலை. கொத்தனாருக்குப் போன் போட்டேன். நாலு மணிக்கு வந்தார். கிரானைட் போட்டவரும் பிளம்பரும் கூட வந்தார்கள், கையாள் பையனும் சித்தாள் அக்காவும் வந்தார்கள். அத்தையையும் என்னையும் சேர்த்து ஏழு பேர் அந்த அடுக்களைக்குள்.

கொத்தனார் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். மேடையின் நடுவில் ஊற்றினார். ஏழு பேரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது.

“பாத்தீங்களா, நிக்கில்லா. அம்புட்டு மட்டமா இருக்கு.”

நான் கேட்டது மட்டமா, அண்ணாச்சி? நான் கேட்டது வாட்டம்! மட்டமாக இருந்தால் தண்ணீர் நிற்கும், வாட்டமாக இருந்தால்தான் ஓடும். செங்கல் வைத்த முதல் நாளே, சிங்க் பக்கம் வாட்டம் கொடுங்கள் என்று அந்த இடத்திலேயே கையை வைத்துக் காட்டியிருக்கிறேன். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மெல்ல நகர ஆரம்பித்தது. சுவரைப் பார்த்து.

“இப்ப போவுதுல்லா?” என்றார்.

போகிறது. எங்கே போகிறது என்பதுதானே வழக்கே!

அடுத்து ஒரு செம்புத் தண்ணீர். டம்ளர் தண்ணீர் காணாதாம், கனம் இருந்தால்தான் ஓடுமாம். செம்பைக் கவிழ்த்தார். முழுத் தண்ணீரும் அதே மூலைக்குப் போய், அங்கிருந்து வழிந்து அத்தையின் காலில் விழுந்தது. அத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் காலை இழுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் மட்டம் பார்க்கிற ரசமட்டம் வந்தது. மேடையின் மேல் வைத்தார். குமிழி நேராகச் சிங்க் பக்கம் ஓடி நின்றது. குமிழி ஒதுங்குகிற பக்கம்தான் உயரம் என்று எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா? முப்பது வருஷம் கரண்டி பிடித்தவர். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, “இந்த ரசமட்டம் பழசும்மா, இத நம்ப முடியாது” என்றார். அந்த ரசமட்டத்தை வைத்துத்தானே 43 நாளாக என் வீட்டில் வேலை பார்த்தீர்கள்?

கல்தான் கோணல் என்று கிரானைட்காரரைக் காட்டினார். அவர் கட்டியதன் மேல்தான் நான் கல்லை வைத்தேன், மேடைதான் கோணல் என்று அவர் திருப்பிக் காட்டினார். ரெண்டு பேரும் சேர்ந்து பிளம்பரைப் பார்த்தார்கள். சிங்க்கைக் கொஞ்சம் கீழே இறக்கியிருந்தால் தண்ணீர் இழுத்துக்கொள்ளும் என்றார்கள். வெட்டிக் கொடுத்த பள்ளத்தில்தான் நான் இறக்க முடியும் என்றார் பிளம்பர். அரை மணி நேரம் இப்படியே போனது. மூன்று பேரும் தனித்தனியாகக் கூலி வாங்கினார்கள். மேடைக்குப் பொறுப்பு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அப்போதுதான் சித்தாள் அக்கா மெதுவாகச் சொன்னார்கள். “அன்னைக்கே சொன்னேன்லா அண்ணாச்சி, நூலு இந்தப் பக்கம் தாழுதுன்னு.”

எனக்கு நினைவு வந்துவிட்டது. சொன்னார்கள். நானே கேட்டேன். “நீ சாந்தை எடுத்துட்டு வா” என்று அவர்களை அனுப்பிவிட்டார் கொத்தனார். கொத்தனார் கூலி 1,100, கையாள் பையனுக்கு 800, மூன்று பேர் சுமையைச் சுமந்த இந்த அக்காவுக்கு 650. வாட்டம் சரியில்லை என்று கண்ணால் பார்த்துச் சொன்ன ஒரே ஆளும் அவர்கள்தான்! வீட்டில் தினமும் சமைத்துக் கழுவுகிறவர்களின் கண்ணுக்கு அது உடனே தெரிகிறது. சமைக்காதவர்கள் கையில்தான் கரண்டியும் நூலும் இருக்கிறது.

இதற்கெல்லாம் பிறகுதான் அந்தத் துணி.

அந்தத் துணியை யார் பிடிப்பது, அண்ணாச்சி? காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. வருஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல். நீங்கள் ஒரு நாள் ஒரு அங்குலம் கவனமாக இருந்திருந்தால் போதும். அதற்குப் பதிலாக நானும் அத்தையும் ஆயுசு முழுக்கத் துடைக்க வேண்டும். இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உயரத்திலும் இதே கதைதான். அத்தை நாலடி பத்து அங்குலம். மேடை முழங்கைக்கு நன்றாகக் கீழே இருந்தால்தான் தோள் வலிக்காமல் கிண்ட முடியும். அளந்து பார்த்து, 2 அடி 7 அங்குலம் என்று சுவரில் கரிக்கோடே போட்டுக் கொடுத்தேன். அந்தக் கோடு வரைக்கும் செங்கல் கட்டினார். அதற்கு மேல் ஒன்றரை அங்குலக் கடப்பைக் கல், அதற்கு மேல் முக்கால் அங்குலம் கலவை, அதற்கு மேல் முக்கால் அங்குலம் கிரானைட். மொத்தம் மூன்று அங்குலம் ஏறி 2 அடி 10 அங்குலம் ஆகிவிட்டது. கோடு என்றால் கல்லெல்லாம் போட்ட பிறகு வருகிற உயரம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கேட்டால், “எல்லா வீட்டுலயும் இதுதான் உயரம்மா” என்கிறார். எல்லா வீட்டிலும் என் அத்தையா சமைக்கிறார்கள்? இப்போது பலகை போட்டு அதன் மேல் ஏறி நின்று குழம்பைக் கிண்டுகிறார்கள். எழுபத்தி இரண்டு வயசு. ஈரத் தரையில் பலகை வழுக்கினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குக் குலை நடுங்குகிறது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். காற்றுத் துவாரத்தை அடைத்ததை மன்னிக்க மாட்டேன். சிலிண்டர் வைக்கிற இடத்தில் தரையை ஒட்டி ஒரு பழைய துவாரம் உண்டு, புறவாசலைப் பார்த்து. பூச்சு பூசும்போது ‘எலி வரும்’ என்று அதை அடைத்துவிட்டார். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். ஜன்னல் திறந்திருந்தாலும் கீழே தேங்கியது கீழேயேதான் கிடக்கும். 14.2 கிலோ சிலிண்டரை ஓர் அடைத்த பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். நான் தற்செயலாகக் கவனித்தேன். இல்லாவிட்டால்? அன்றைக்கு அவரைப் பக்கத்தில் நிற்கவைத்து உடைக்கச் சொன்னேன். இப்போது கம்பி வலை அடித்திருக்கிறது. எலியும் வராது, எரிவாயுவும் தங்காது. வலைக்கு ஆன செலவு அறுபது ரூபாய்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச்சு வேண்டாம் என்றும் சொன்னேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்டை அப்பிவிட்டால் ஈரம் உள்ளேயே கிடந்து, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழும். சுண்ணாம்பு வேலைக்கு இப்போது ஆள் இல்லை என்றார்கள். ஆள் இல்லை என்பது உண்மைதான், நானே பேட்டை, மேலப்பாளையம் என்று தேடிப் பார்த்துவிட்டேன். அதனால் சிங்க்குக்குப் பின்னால் மட்டும் சிமெண்ட் என்று ஒத்துக்கொண்டேன். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் போய்விட்டு வருவதற்குள் நாலு சுவரையும் பூசி வைத்துவிட்டார்கள். வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, சிமெண்டில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். இந்தக் கூடுதல் மூட்டைகளில் அதுவும் போனது. வடக்குச் சுவரில் ஓரிடம் இப்போதே ஈரமாகத் தெரிகிறது. ஐப்பசி அடைமழைக்கு அது என்ன ஆகுமோ.

நாள் கணக்கைச் சொன்னால் இன்னும் வயிறு எரிகிறது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். நாங்களும்தான் போனோம். குலசாமிக்குப் போகிறவரை யார் தடுப்பார்கள்? ஆனால் இரண்டு நாள் என்று சொல்லிப் போனவர் பதினோராம் நாள்தான் வந்தார். வந்த மூன்றாம் நாள் கையாள் பையன் ஊரில் கோயில் கொடை. அது முடிந்தால் கொத்தனாரின் மச்சான் ஊரில் கொடை. வில்லுப்பாட்டும் மேளமும் பார்த்துவிட்டு வரட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ‘வர மாட்டேன்’ என்று ஒரு போன் செய்தால் என்ன? தினமும் காலையில் ஏழு மணிக்குத் தண்ணீர் நிரப்பி வைத்து, மணலை நனைத்து வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே! அத்தனை நாளும் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், ஒற்றை அடுப்பில்தான் சமையல். தேங்காய்ப் பால் பிழிய இடமில்லை. என் தம்பி மறுவீட்டுக்கு வந்தபோது அந்தப் பாலில் ஒரு சொதிக் குழம்பு வைத்துப் போட முடியவில்லை. பக்கத்து வீட்டு மதினி அவர்கள் அடுக்களையைத் திறந்து விட்டார்கள். அந்த உபகாரத்தை மறக்க மாட்டேன். ஆனால் இரவல் அடுக்களையில் நின்று, சொந்தத் தம்பிக்குச் சமைத்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று ராத்திரி பொறுக்க முடியாமல் சென்னையில் இருக்கிற சிநேகிதிக்குப் போன் செய்தேன். டம்ளர், செம்பு, ரசமட்டம், துணி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “உன் ஊர்க்காரனே உனக்கு அல்வா கொடுத்துட்டானா?” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கொத்தனார் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் திசை மாறிவிட்டது. எத்தனை வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! திருநெல்வேலி என்றதும் அல்வா, அல்வா என்றதும் ஏமாற்று. யார் ஆரம்பித்தது இந்தப் பேச்சை? அல்வா கிண்டுவதை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்களா? சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து, அதைப் புளிக்கவிட்டு, தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, சீனியும் நெய்யும் சேர்த்து அடுப்பின் முன்னால் மணிக்கணக்காக நிற்கிறார்கள். அந்த அனலில் வியர்வையைத் துடைக்கக்கூடக் கையை எடுக்க முடியாது. நெய் பிரிந்து வருகிற வரைக்கும் துடுப்பு நிற்கக் கூடாது. ஒரு நிமிஷம் அசந்தால் அடிப்பிடித்து மொத்தச் சட்டியும் பாழ். சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் எதிரில் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்குவது இந்த உழைப்பை. ஆற்றுத் தண்ணீரால் ருசி என்கிறார்கள், இருக்கட்டும். அந்தத் தண்ணீரோடு ஒருவருடைய தோள்பட்டையும் சேர்ந்து கரைந்திருக்கிறது.

செங்கல்லை அடுக்கிவைத்து, பாதியில் கையை எடுத்துவிட்டு, பதினோராம் நாள் வந்து துணியை வைத்துத் துடை என்று சொல்வதற்கு அல்வா என்றா பேர் வைப்பது? அந்தப் பேரைத் திருப்பிக் கொடுங்கள். அது எங்களுடையது.